பெல்ட் தப்பு பண்ணாது

"படிச்ச புள்ளைன்னு நம்பி விட்டேன்மா. டிக்கியை மூடக்கூடத் தெரியலியே?"

பரமசிவம் சார் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் பதிலுக்கு ஏதாவது வாயில் வந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, தன்னுடைய அம்பாசிடரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

அவர் பார்த்த இடத்தையே நானும் பார்த்தேன். பாலாடை நிறத்தில் புதுப் பெயின்ட். கண்ணாடி மாதிரி மினுக்கம். அதன் நடுவே டிக்கியின் மூடி. இடது பக்கம் ஒழுங்காகப் படிந்திருந்தது. வலது பக்க மூலை மட்டும் ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா வண்டியைப் புதுச்சேரிக்கு ஏத்திட்டுப் போயிடறேன். அங்க ஒருத்தர் இருக்கார்" என்றார்.

சார் நெய்வேலியில் அனல் மின் நிலையத்தில் அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் புதுச்சேரிக்குப் போய்விட்டார். முப்பது வருடம் டவுன்ஷிப்பில் ஓட்டிய காரை மட்டும் எங்களிடம் விட்டிருந்தார். 'எங்களிடம்' என்றால் நானும் ஷாஜஹானும். மந்தாரக்குப்பத்தில், கடைத்தெருவுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட எங்கள் ஷெட்டுக்கு முழுதாக வந்த முதல் வண்டி அது.

போன வாரம் இந்தப் பத்தியில் பாலிடெக்னிக் விடுதியைப் பற்றி எழுதியிருந்தேன். பத்திரிகை வந்ததும் வழக்கம்போல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தச் சோத்தைத் தின்னுதானடி டிப்ளமா வாங்கின, அதை இப்படியா கேவலமா எழுதுவ?" என்றாள். அந்த விடுதிச் சாம்பாரைச் சேர்ந்து குடித்தவன்தான் ஷாஜஹான். ஒரே வகுப்பு. டிங்கரிங் அவன் பொறுப்பு. இன்ஜினும் பொருத்தும் வேலையும் என் பொறுப்பு.

பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?

எங்கள் ஊரில் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. "பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்றுதான் கேட்பார்கள். ஒருமுறை எனக்குக் காய்ச்சல். புதிதாக வந்திருந்த டாக்டர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா நர்ஸிடம், "இவுரு பர்மனென்ட்டாம்மா?" என்று கேட்டாள். டாக்டருக்கும் காதில் விழுந்தது. "இல்லம்மா, கான்ட்ராக்ட்தான்" என்றார். அம்மாவுக்கு அவர்மேல் உடனே பாசம் வந்துவிட்டது.

அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவும் போனதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாக் காகிதத்தையும் மூன்றாம் வகுப்பிலிருந்து நான்தான் படித்திருக்கிறேன்.

நான் படித்த முதல் காகிதங்களில் ஒன்று அப்பாவின் கேட் பாஸ். அதில் ஓர் இடத்தில் 'தற்காலிகம்' என்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன், பொருள் தெரியவில்லை. மறுநாள் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்து, "கொஞ்ச நாளைக்குன்னு அர்த்தம்பா" என்றேன். "கொஞ்ச நாளைக்குத்தானா? அப்ப சரி" என்று சிரித்தார். பாஸின் நிறம் பலமுறை மாறியது. அந்தச் சொல் மாறவே இல்லை.

அதனால்தான் சுரங்கக் கம்பெனியில் டிரெய்னி வேலைக்கு அறிவிப்பு வந்தபோது அப்பா என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரே ஒரு தபா எழுதிப் போடு பாப்பா. டிரெய்னிங்கி முடிச்சா பர்மனென்ட் பண்ணுவாங்களாம்."

"ஷெட்டை என்னப்பா பண்றது?"

"ஷெட்டுல இன்னாமா இருக்குது? ஒரு காரு நிக்குது. அதுவும் நம்ம காரு இல்ல."

இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அம்மா முன்னிலையில் முடிவானது இது: பரமசிவம் சார் திருப்தியாக வண்டியை எடுத்துப் போனால் ஷெட் இருக்கும். எடுக்காவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு நான் விண்ணப்பம் போடுவேன். ஷாஜஹான் கடலூரில் மாமா கடைக்குப் போய்விடுவான். பொறுப்பெடுத்த முதல் வண்டியையே சரியாகக் கொடுக்க முடியாதவளுக்கு ஷெட் எதற்கு என்று எனக்கே தோன்றியதால் நானும் தலையை ஆட்டினேன்.

அதாவது, அந்த ஒரு விரல் உயரத்தில்தான் எல்லாம் நின்றது.

ஊருக்கே ஒரே மருந்து

நெய்வேலியைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுரங்கத்திலிருந்து நிலக்கரியைச் சுமந்து வரும் ரப்பர் பெல்ட் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. தேய்ந்த பெல்ட்டை ஏலத்தில் விடுவார்கள். அதை வெட்டி மந்தாரக்குப்பத்துக் கடைகளில் விற்பார்கள். வாங்காத வீடு கிடையாது.

வாசலில் மிதியடி அதுதான். மாட்டுக் கொட்டகையில் தரை அதுதான். கிரைண்டர் ஆடினால் அடியில் ஒரு துண்டு. கேட்டுக்குக் கீழே சந்து இருந்தால், பாம்பு வராமல் ஒரு துண்டு. சைக்கிள் மட்கார்டு, டீக்கடைப் பெஞ்சு, துவைக்கிற கல்லுக்கு அண்டை. எது ஆடினாலும் எது ஒழுகினாலும் எது கிறீச்சிட்டாலும் எங்கள் ஊர்க்காரர் முதலில் சொல்வது, "ஒரு பீஸ் பெல்ட் போடு."

அம்பாசிடரின் டிக்கி ஓரத்தில் மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு ரப்பர் பீடிங் சுற்றி வரும். பழையது முறுக்கு மாதிரி நொறுங்கிப்போயிருந்தது. சென்னைக்குச் சொல்லி வைத்த புது பீடிங் வருகிறது வருகிறது என்றார்களே தவிர வரவில்லை.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வார லீவு நாளன்று, விடிந்ததும் ஒரு பெல்ட் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்துவிட்டார். ஷெட்டே வேண்டாம் என்று சொன்ன மனிதர்தான்.

அவர் வேலை செய்ததை எழுத எனக்குப் பிடிக்கிறது. பெல்ட்டின் மேல் ரப்பரை மட்டும் உள்ளே இருக்கும் துணியிலிருந்து உரித்தார். கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, நூல் பிடித்த மாதிரி ஒரே அகலத்தில் நீளமாக அரிந்தார். சொல்யூஷன் தடவி, காயும்வரை ஊதி, டிக்கியின் வாயைச் சுற்றி அங்குலம் அங்குலமாக அழுத்தி ஒட்டினார். வலது மூலைக்கு வந்ததும் இரண்டு முனையும் சந்தித்தன. ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி ஒட்டினார். "இப்புடிப் போட்டாதான் தண்ணி எறங்காது" என்றார். ஷெட் முழுக்க சொல்யூஷன் வாடை. அம்மா கொண்டுவந்த புளிச்சோற்றிலும் அந்த வாடை.

எல்லாம் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, டிக்கியை ஓங்கி மூடினார்.

"டப்புனு கேக்குது பாத்தியா? பெல்ட்டுன்னா பெல்ட்டுதான்."

நான் கைதட்டினேன். உண்மையாகவே தட்டினேன்.

உன் தகரம், என் அளவு

சார் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு ஆரம்பித்தது யுத்தம்.

முதலில் ஹிஞ்ச். மூடியைத் தாங்கும் இரண்டு கீல்களும் உட்கார்ந்திருந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, போல்ட்டைத் தளர்த்தி வலது பக்கத்தை இறக்கினேன். வலது கொஞ்சம் இறங்கியது. இடது பக்கம் மேலே வந்தது. இடதைச் சரிசெய்தால் வலது பழையபடி தூக்கியது. கீலுக்கு அடியில் வாஷர் வைத்தேன், எடுத்தேன். பூட்டை ஒரு நூல் கீழே இறக்கினேன். இடது ஓரத்தில் மரக்கட்டையைக் கொடுத்து வலது ஓரத்தை அழுத்தி, மூடியையே முறுக்கிப் பார்த்தேன். அழுத்திய இடத்தில் மொச்சைக் கொட்டை அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்ததுதான் மிச்சம்.

அந்தக் காரின் பின் வலது பக்கம் எப்போதோ எதிலோ இடித்து நசுங்கியிருந்தது. அதைத் தட்டி நேராக்கியது ஷாஜஹான். என் சந்தேகமெல்லாம் அங்கேயே போய் நின்றது.

"ஷாஜி, உன் டிங்கரிங்தான். பாடி ஒரு பக்கம் உயரமா இருக்கு."

"என் தகரம் சரியாத்தான் இருக்கு. உன் அளவுதான் ஆடுது."

"டேப் வெச்சுப் பாரு."

"மூணு தடவை பாத்துட்டேன். நீ வேணா உங்க பாலிடெக்னிக் டேப்பை எடுத்துட்டு வா."

"உங்க பாலிடெக்னிக்கும் அதான்டா."

சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனான். இனி வரமாட்டான் என்று நினைத்தேன். இரண்டு கிளாஸ் டீயோடு வந்தான். எனக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டு வாங்கியிருந்தான். குடித்துவிட்டு மறுபடி சண்டை போட்டோம்.

புதன்கிழமை காலை, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதிரே, டிக்கியின் வாயைச் சுற்றி அப்பாவின் பெல்ட். கறுப்பாக, ஒரே சீராக, அழகாக இருந்தது.

மூடி சரியாக உட்காரவில்லை என்றால் முதலில் ரப்பரைக் கழற்ற வேண்டும். வெறும் தகரத்தை வெறும் தகரத்தின் மேல் உட்காரவைத்து அளவு பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் ரப்பர். இது எனக்குத் தெரியாதா? செய்முறைத் தேர்வில் இதே கேள்விக்கு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஐந்து நாளாகக் கீலையும் பூட்டையும் ஷாஜஹானையும் சந்தேகப்பட்டேன். அந்த ரப்பரின் பக்கம் மட்டும் என் கை போகவில்லை. வெளியூர்க்காரன் யாராவது வந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில், "இது என்ன இவ்வளவு கெட்டியா இருக்கு?" என்று கேட்டிருப்பான். நாங்கள் பெல்ட்டின் மேலேயே நடந்து பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்து வளர்ந்தவர்கள். பெல்ட் ஒரு குறையைத் தீர்க்கும். குறையாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றாது.

"ஷாஜி, பெல்ட்டா இருக்குமோ?"

அவன் நிமிரவில்லை. "திங்கக்கிழமையே நினைச்சேன்."

"ஏன்டா சொல்லல?"

"உங்கப்பா ஒரு நாள் முழுக்க உக்காந்து ஒட்டினாரு. நான் எப்படிச் சொல்றது, கோமதி?"

காலண்டர் தாள்

முதல் ஷிப்ட் முடிந்து அப்பா நேராக ஷெட்டுக்கு வந்தார். கண் இமையில்கூடக் கரித்தூள். சாப்பாட்டுக் கேரியரோடு அம்மா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே பயிற்சி எடுத்திருந்தேன். "அப்பா, அந்தப் பெல்ட்டால இருக்கும்னு தோணுது."

அப்பா என்னை விட்டுவிட்டுக் காரைப் பார்த்தார்.

"பெல்ட் தப்பு பண்ணாது பாப்பா."

அம்மாவுக்குச் சமயம் பார்த்துப் பேசத் தெரியாது. "வேணும்னேதான் ஒட்டிகினியாய்யா? புள்ள தோத்துட்டு அப்ளிகேசன் போடட்டும்னு?"

அப்பாவின் முகம் சுருங்கியதைக் கரித்தூளை மீறிப் பார்க்க முடிந்தது.

"அப்புடி நெனச்சிருந்தா லீவு நாளுல வூட்ல படுத்துகினு இருந்திருப்பேன். கத்தி தீட்டிகினு இங்க வந்திருப்பனா?" என்றார்.

சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து பழைய தாள்கள் நான்கைக் கிழித்தேன். டிக்கியின் ஓரத்தில் பக்கத்துக்கு இரண்டாக, பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்தேன். ஷாஜஹான் மூடினான்.

"நீயே இழுத்துப் பாருப்பா."

இடது பக்கத்துத் தாள்கள் இரண்டும் இறுக்கமாக, ஆனால் கிழியாமல் வந்தன. வலது பக்கத்தில் முதல் தாள் பாதியில் அறுந்தது. மூலையில் இருந்ததை இழுத்தார்; விரலில் வந்தது ராகுகாலம் மட்டும்தான். எமகண்டம் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. மூடியைத் திறக்கச் சொன்னார். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி ஒட்டியிருந்த அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு இரண்டு கையாலும் அழுத்தினார்.

"நசுங்க மாட்டேங்குது."

"பீடிங்னா நசுங்கணும்பா. மூடி உக்காரும்போது அது எடம் விடணும்."

"இது எங்க நசுங்கும்? டன்னு டன்னா கரி ஏறி ஓடுற சாமான். நசுங்கக் கூடாதுன்னே செஞ்சது." ஷாஜஹான் உளியை எடுத்தான். அப்பா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். "நவுரு தம்பி. நான் ஒட்டுனத நான் பிக்கிறேன்."

பிய்ப்பது லேசாக இல்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தார். ஒவ்வொரு முழம் வரும்போதும், "இன்னாமா புடிச்சிகினு இருக்குது பாரு" என்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டும் திட்டிக்கொண்டும் பிய்த்தார். பொழுது சாய்வதற்குள் முழுதும் வந்துவிட்டது.

வெறும் தகரத்தின் மேல் மூடியை இறக்கினோம். ஷாஜஹானின் தகரம் மயிரிழை பிசகாமல் சரியாக இருந்தது. கோணலாக இருந்ததெல்லாம் ஐந்து நாளாக நான் முறுக்கியவை. அவன் புருவத்தை மட்டும் தூக்கினான். மறுநாள் காலை அவன் பஸ் ஏறிக் கடலூருக்குப் போய் வேறு வண்டிக்கான மெத்தென்ற பீடிங் வாங்கி வந்தான். அவன் வருவதற்குள் நான் கீல்களைப் பழைய பென்சில் கோட்டுக்கே கொண்டுபோய் நிறுத்தி, பெயர்ந்த பெயின்ட்டைத் தொட்டு மறைத்தேன். "ஸாரிடா" என்றேன். "டீ நீ வாங்கு" என்றான்.

வெள்ளிக்கிழமை

சார் வந்ததும் நேராகக் காரின் பின்னால் போனார். மூடியைத் தூக்கினார், விட்டார். மறுபடி தூக்கினார், விட்டார். ஓங்கி அடிக்கத் தேவைப்படவில்லை. தன் எடையிலேயே இறங்கி 'ச்சப்' என்று மெல்லிய ஒலியோடு உட்கார்ந்தது. பையிலிருந்து தீக்குச்சி ஒன்றை எடுத்து, மூடியைச் சுற்றியிருந்த சந்தில் விட்டு இடமிருந்து வலம் வரை மெதுவாக நகர்த்தினார். குச்சி எங்கும் சிக்கவில்லை, எங்கும் விழவும் இல்லை.

"என்னம்மா பண்ணினே?"

ஹிஞ்ச் செட்டிங் சார் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிய வழியில்லை. அப்பா கம்பத்தோரம் நின்றுகொண்டிருந்தார்.

"ரப்பர்தான் சார் தப்பு. பீடிங்குக்குப் பதிலா பெல்ட் போட்டிருந்தோம். முதல்லயே அதைக் கழட்டிப் பாத்திருக்கணும். நான் பாக்கல."

"நான்தாங்க ஒட்டுனது" என்றார் அப்பா, கூப்பிடாமலே முன்னால் வந்து. "புள்ளைக்குத் தெரியுங்க. என் மனசு கஷ்டப்படும்னு கம்முனு இருந்துகினு இருந்துச்சி."

சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பெல்ட் எங்க?"

ஷாஜஹான் மூலையில் கிடந்த சுருளைக் காட்டினான்.

"எனக்குக் குடுத்துடுவீங்களா? வீட்ல தண்ணி மோட்டார் ஓடினா தரையே அதிருது. அடியில போட ஒரு பீஸ் பெல்ட் இல்லாம ஆறு மாசமா அல்லாடறேன். புதுச்சேரியில கேட்டா, பேன்ட் பெல்ட்டான்னு கேக்கறாங்க."

அப்பா சுருளை உதறி, தூசி தட்டி, டிக்கிக்குள் தானே வைத்தார். "மோட்டாருக்குன்னா ரெண்டா மடிச்சிப் போடுங்க. அதுக்கு இது நசுங்கவே நசுங்காது" என்றார். மூடியை இறக்கிவிட்டு, உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். கார் கடைத்தெருவைத் தாண்டித் திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

அன்றைக்கு அப்பாவும் நானும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். பாதி வழியில் அவர் ஆரம்பித்தார்.

"அந்த அப்ளிகேசன் போட வேணாம் பாப்பா."

"சார் வண்டி எடுத்துட்டாருன்னா போட வேணாம்னுதானே பேசினோம்?"

"அதுக்காவச் சொல்லல." ஒரு கம்பெனி பஸ் எங்களைக் கடந்து போகும்வரை காத்திருந்தார். "இத்தினி வருசத்துல எங்கிட்ட 'இத எடு, அத தூக்கு'ன்னு சொன்னவங்கதான். ஏன்னு எவனும் சொன்னதில்ல. நீ பேப்பர வெச்சி, என்னையே இழுக்கச் சொல்லி, காட்டின. அப்புறந்தான் பிக்க வெச்ச. அப்புடி வேலை சொல்றவ, போய் எவன் கிட்டயும் வேலை கேக்க வேணாம்."

கண் கரித்தது. கரித்தூள் என்று சொல்லிக்கொள்ளலாம்; ஆனால் அது அப்பாவின் இமையில்தான் இருந்தது.

இந்த வாரம்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு டீச்சரின் பழைய ஜீப் திங்கட்கிழமை எங்கள் ஷெட்டுக்கு வந்தது. அவருடைய அப்பா ஓட்டியது. ஓட்டுநர் காலடியில் தரை துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கிறது. அந்த ஓட்டையைச் சிமென்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். கொத்தனார் வேலை மாதிரி வழவழவென்று, ஓரத்தில் பூ வரைந்து.

"எங்க அண்ணன் பூசினது. அப்பா ஞாபகமா, அவ்வளவு ஆசையா செஞ்சார். அதை மட்டும் விட்டுட்டு மத்ததைப் பாருங்கம்மா" என்றார் டீச்சர்.

சிமென்ட்டுக்குக் கீழே தகரம் இன்னும் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுக்காமல் அந்த வண்டியில் எதையும் தொட முடியாது. டீச்சரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியதும் அண்ணனின் போன் நம்பரை வாங்கினேன். நானே பேசினேன்.

இன்று மாலை அந்த அண்ணன் வருகிறார். உளியை எடுத்து வைத்திருக்கிறேன், அவர் கையில் கொடுக்க.